பத்து மணித் தபால்

நூலகத்தில் அவளை எல்லோரும் தபால் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பதிவுப் பிரிவில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். ஒருவர் கேட்கும் புத்தகம் இன்னொருவர் கையில் இருந்தால், கேட்டவரை வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் அவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் வந்து வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஆரம்பத்தில் அஞ்சலட்டையில்தான் எழுதினாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது அட்டை. நூலகம் மின்னஞ்சலுக்கு மாறியபின் அட்டைக்கட்டு அலமாரிக்குள் போனது. பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது.

மின்னஞ்சல் போகும் சர்வர், பழைய வரைபட அறையில் ஒரு மேசைக்கடியில் இருந்தது. பெரிய சூட்கேஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. மின்விசிறி மாதிரி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். மேலே ‘தயவுசெய்து அணைக்காதீர்கள்’ என்று ஒரு தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது இரண்டு பக்கக் குறிப்பு எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். “ஒண்ணும் ஆகாது அக்கா, ஆனா இதைப் பாத்து செய்யுங்க” என்றார். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு நகரத்தின் பன்னிரண்டு கிளை நூலகங்களையும் ஒன்றாக்கினார்கள். உறுப்பினர்கள் தொண்ணூறாயிரம் பேர் ஆனார்கள். தலைமை நூலகருக்கு ஒரு உற்சாகம் வந்தது. மாதம் ஒரு செய்தி மடல், தொண்ணூறாயிரம் பேருக்கும். கறுப்புப் பெட்டி இரண்டு நாள் மூச்சு வாங்கி அனுப்பி முடித்தது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

நாலாவது மாதம், முன்பதிவு மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கலங்கரை விளக்கங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்காக எட்டு மாதம் வரிசையில் நின்றவர். குடையை மேசைமேல் நீளவாக்கில் வைத்தார்.

“என் புத்தகம் என்னம்மா ஆச்சு?”

அவள் பார்த்தாள். புத்தகம் வந்து, தகவல் போய், ஏழு நாள் ஆகி, அடுத்தவர் எடுத்துப் போய்விட்டிருந்தார்.

“உங்களுக்கு மெயில் போயிருக்குங்க ஐயா. போய்ச் சேர்ந்ததுன்னு பதிவும் இருக்கு.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

அவர் கோபத்தில் குரலை உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “எனக்கு வயசு எண்பத்திரண்டு. இன்னொரு எட்டு மாசம் காத்திருன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதம் அவரைப்போல நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அவள் ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொருவரையும் எழுதி, அதைத் தலைமை நூலகரிடம் கொண்டுபோனாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, நல்ல கம்பெனியா ஒண்ணு பாத்து சர்வரை மாத்திடுங்க. ஒரு மாசம் போதுமா?” என்றார்.

“எனக்கு சர்வரைப் பத்தி என்ன சார் தெரியும்?”

“தபாலைப் பத்தித் தெரியுமே” என்று சொல்லி, வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

அவள் படித்தாள். வரைபட அறையில் கறுப்புப் பெட்டியின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு நாள் படித்தாள். மெல்ல மெல்ல விளங்கியது. அஞ்சல் சேவைகள் ஒவ்வொரு சர்வரின் நடத்தையையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கின்றன. செய்தி மடலை யாரும் கேட்கவில்லை. பல ஆயிரம் பேர் அதைத் திறக்காமலே குப்பை என்று அழுத்தியிருந்தார்கள். பட்டியலில் எத்தனையோ முகவரிகள் செத்துப்போனவை. அவற்றுக்கும் மாதாமாதம் கடிதம் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சர்வரிலிருந்து எது வந்தாலும் குப்பைப் பெட்டியில் போடு என்று அந்தச் சேவைகள் முடிவு கட்டிவிட்டன. அதே சர்வரிலிருந்து போன முன்பதிவுத் தகவலும் கூடவே அடிபட்டது. பதிவேட்டில் ‘சேர்ந்தது’ என்று இருந்தது பொய்யில்லை. வாசல்வரை போய்ச் சேர்ந்தது. எந்த அறைக்குள் போனது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கடைசியில் மூன்று வழி நின்றது. இருக்கிற பெட்டியையே சரிசெய்வது ஒன்று. மற்ற இரண்டும் வெளிக் கம்பெனிகள். பறவைப் படம் போட்டிருந்த கம்பெனிக்கு முதலில் ஃபோன் செய்தாள்.

“தொண்ணூறாயிரமா? ஒரு மணி நேரத்துல அனுப்பிடலாம் மேடம்” என்றார் அங்கே பேசியவர்.

“எல்லாருக்கும் சேருமா?”

“தொண்ணூத்தொன்பது சதவீதம் கேரண்டி.”

“சேரும்னா, எந்தப் பெட்டியில?”

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமினார். “அது அவங்கவங்க மெயிலைப் பொறுத்தது மேடம்.”

இரண்டாவது கம்பெனியில் ஒரு பெண் பேசினாள். அவள் எதையும் விற்கவில்லை, கேள்விதான் கேட்டாள். இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன? மடல் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா? திரும்பி வருகிற முகவரிகளை என்ன செய்கிறீர்கள்? முன்பதிவுத் தகவலும் செய்தி மடலும் ஒரே வழியில் போகக்கூடாது, தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்றாள். முதல் நாள் ஐந்நூறு கடிதத்துக்குமேல் அனுப்ப விடமாட்டோம், மெல்ல மெல்லத்தான் கூட்டுவோம் என்றாள். ஃபோனை வைத்தபோது தபால் அக்காவின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகளாக இருந்தன.

வீட்டில் கணவரிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாள். அவர் பேருந்து ஓட்டுநர். ஷூவைக் கழற்றிக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாம அவங்களுக்கு வேலை குடுக்கறோமா, அவங்க நமக்கு வேலை குடுக்கறாங்களான்னே தெரியலைங்க. அத்தனை கேள்வி” என்றாள்.

“கேள்வி கேக்காம சாவியைக் குடுக்கற டிப்போவுல நான் வண்டி எடுக்க மாட்டேன்” என்றார் அவர். “எனக்கு முன்னாடி அதை எவன் எவன் எப்படி ஓட்டியிருப்பானோ.”

அவளுக்கு அது சரியாகப் பட்டது. ஆனாலும் யார் பேச்சையும் நம்பி முடிவெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே தகவலை மூன்று வழியிலும் தினமும் காலை பத்து மணிக்கு அனுப்புவது, எது எந்தப் பெட்டியில் போய் விழுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது, இப்படி மூன்று வாரம் பார்ப்பது என்று தீர்மானித்தாள்.

உறுப்பினர்கள் எந்தெந்த அஞ்சல் சேவையில் இருக்கிறார்கள் என்று எண்ணினாள். ஐந்து சேவைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நாலு சேவைக்குச் சொந்தத்திலேயே ஆள் இருந்தது: பெரியக்கா, நாத்தனார், மாமா, கணவர். ஐந்தாவது சேவை, எப்போதோ தொலைபேசி இணைப்போடு இலவசமாகக் கொடுத்தது. புதிதாக யாரும் அதில் சேருவதில்லை. ஆனால் பதினோராயிரம் உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நில அளவையாளரும் அதில்தான். அவளுக்குத் தெரிந்தவர்களில் அந்தச் சேவையில் முகவரி வைத்திருந்தது ஒரே ஒருவர். அவள் அண்ணன்.

அண்ணனோடு பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது.

அவர் பல்செட் செய்பவர். ரயிலில் அரை நாள் தூரத்தில் ஓர் ஊரில், பல் மருத்துவமனைக்குப் பின்புறம் சின்னதாக ஒரு பட்டறை. சின்ன வயதில் இருவரும் ஒரே மேசையில் படித்தவர்கள். செய்தித்தாளில் வரும் ‘காணவில்லை’, ‘வீடு வாடகைக்கு’ விளம்பரங்களை அவர் வானொலிச் செய்தி வாசிப்பவர்போல நீட்டி முழக்கிப் படிப்பார். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி அம்மாவிடம் திட்டு வாங்குவாள். அப்படிப்பட்ட அண்ணன், தன் ஒரே மகளின் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள், “லீவு கிடைக்கலையாடீ?” என்று பெரியக்கா ஃபோனில் கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஆமாம், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணனைக் கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாகி, மாதம் வருடமாகிவிட்டது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் காலை அலுவலகத் தொலைபேசியிலிருந்து எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ.”

“நான்தான்.”

பின்னால் ஏதோ இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. “யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆபீஸ் விஷயம். உன் பழைய மெயில் இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“தினமும் பத்து மணிக்கு மூணு மெயில் வரும். எது வந்துச்சு, எந்தப் பெட்டியில வந்துச்சுன்னு மட்டும் சொன்னா போதும். மூணு வாரத்துக்கு.”

“பத்து மணிக்கு வேலையா இருப்பேன். பத்தேகாலுக்குக் கூப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மூன்று வாரக் காலைகளைத்தான் பிற்பாடு அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காவலாளி வரிசை சரிசெய்வது தெரியும். முதலில் பெரியக்கா. பெரியக்காவிடம் மெயில் வந்ததா என்று கேட்டால், முழங்கால் வலி, மாடிக் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் வந்த பிறகுதான் மெயில் வரும். நாத்தனார் நேர்மாறு. “ரெண்டு உள்ள, ஒண்ணு ஸ்பேம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கணவர் டிப்போவில் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துச் சொல்லுவார்.

மாமாதான் முதல் நாலு நாள் அவளைக் குழப்பிவிட்டார். “எல்லாம் நல்லபடியா வருதும்மா” என்றார் தினமும். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். ஐந்தாம் நாள் சந்தேகம் வந்து, “எந்தப் பெட்டியில மாமா?” என்று கேட்டாள்.

“சிலதை மட்டும் மத்த மெயிலோட கலக்காம தனியா ஒரு பெட்டியில பத்திரமா எடுத்து வெச்சிருக்கு. நூலக மெயிலாச்சே, மரியாதை தெரிஞ்சவங்க.”

அது குப்பைப் பெட்டி என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. சொன்ன பிறகு, நூலகத்தை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மாமா அன்று முழுக்கக் கோபமாக இருந்தார். நாலு நாள் கணக்கை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

அண்ணனின் பதில் முதலில் தந்தி மாதிரி இருந்தது. “ஒண்ணு வரல. ஒண்ணு குப்பையில. ஒண்ணு சரியா வந்துச்சு.” அவ்வளவுதான். சோதனைக் கடிதமும் உண்மைக் கடிதம் மாதிரியே இருக்க வேண்டும் என்று, ‘நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது’ என்று எழுதி ஏதாவது ஒரு தலைப்பைப் போட்டுவிடுவாள். நாலாம் நாள், வைக்கப்போனவர் நிறுத்திக் கேட்டார்.

“நான் எப்போ ‘வீட்டிலேயே மீன் வளர்ப்பு’ கேட்டேன்?”

“சும்மா போட்டது அண்ணா.”

“ஒரு பல்செட் ஆளுக்கு மீன் புத்தகம் அனுப்பினா எவன் நம்புவான்? குப்பையிலதான் போடுவான்.”

மறுநாள் அவருக்காகவே யோசித்து ‘கடித்துப் பழகுவோம்’ என்று ஒரு தலைப்புப் போட்டாள். அதற்கடுத்த நாள் ‘சிரிக்கும்போது கழன்றுவிட்டால்’. ஒன்பதாம் நாள் ஃபோனை எடுத்ததும் அவர் ஹலோ சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, “ஏழு நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளாவிடில்” என்பதையும் விடாமல், அந்தப் பழைய வானொலிக் குரலில் வாசித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில், புத்தகம் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கணக்கும் தெளிவாகிக்கொண்டே வந்தது. அனுப்புவது நூலகம்தான் என்று காட்டும் சான்றுப் பதிவுகளையெல்லாம் அவள் தட்டுத்தடுமாறிச் சரிசெய்த பிறகு, கறுப்புப் பெட்டியின் கடிதம் நாத்தனாருக்கும் கணவருக்கும் சரியாகப் போனது. அண்ணனின் சேவை மட்டும் கதவைத் திறக்கவே இல்லை. பறவைக் கம்பெனி முதல் இரண்டு நாள் எல்லா இடத்திலும் பளிச்சென்று போனது. மூன்றாம் நாளிலிருந்து குப்பையில் விழுந்தது. ஆறாம் நாளிலிருந்து அண்ணனுக்கு வருவதே நின்றுபோனது. விசாரித்தால், அதே சர்வரில் இன்னும் எத்தனையோ பேர் ஏறியிருந்தார்கள். பரிசு விழுந்திருக்கிறது, உடம்பு இளைக்கும் என்று ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். யாரையும் கேள்வி கேட்காமல் ஏற்றினால் அப்படித்தான். கணவர் டிப்போவைப் பற்றிச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கேள்விக் கம்பெனியின் கடிதங்கள் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒரே ஒரு நாள் அண்ணனுக்கு வரவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் ஃபோன் செய்தாள்.

“மேடம், இன்னிக்கு அந்தப் பழைய சேவைக்குப் போற உங்க மெயில் லேட் ஆகும். அவங்க எங்களைக் காக்க வெச்சிருக்காங்க. விட்டு விட்டு முயற்சி பண்றோம். ரெண்டு மணிக்குள்ள போயிடும்.”

ஒன்று ஐம்பதுக்கு அண்ணனே கூப்பிட்டு, “இப்போ வந்துச்சு” என்றார். ஏழு வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த நாளின் கட்டத்தில் ‘தாமதம். ஆனால் முன்கூட்டியே சொன்னார்கள்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

பதினாலாம் நாள், மூன்று கடிதத்தைப் பற்றியும் சொல்லி முடித்துவிட்டு அண்ணன் ஃபோனை வைக்காமல் இருந்தார்.

“நீ இப்படி ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு வந்துச்சா வந்துச்சான்னு கேக்கற” என்றார். “நானும் அன்னிக்கு அப்படி ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கணும். கேக்கல. வீம்பு.”

“எதைக் கேட்டிருக்கணும்?”

“கல்யாண மெயிலைத்தான்.”

“என்ன மெயில் அண்ணா? எனக்கு எதுவும் வரல.”

“பத்திரிகையைப் படம் எடுத்து எழுபது பேருக்கு ஒண்ணா அனுப்பினேன். பெரியக்காவுக்கு அப்போ மெயில் கிடையாது, அவளுக்கு ஃபோன்ல சொன்னேன். நீதான் நாள் பூரா மெயில்லயே உக்காந்திருக்கறவளாச்சேன்னு...” அவர் குரல் இறங்கியது. “பதிலே இல்ல. வர மனசில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

பழைய சேவை. எழுபது பேருக்கு ஒரே கடிதம். கூடவே பெரிய படம். அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று இப்போது அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. குப்பைப் பெட்டி முப்பது நாளைக்கு ஒருமுறை தானாகத் துடைத்துக்கொள்ளும். அந்தக் கடிதம் ஏழு வருடத்துக்கு முன்பே சுவடில்லாமல் போயிருக்கும். அவர் சொல்வது ஒன்றுதான் மிச்சம். குடையை மேசைமேல் வைத்துவிட்டு நில அளவையாளர் கேட்டதை நினைத்துக்கொண்டாள். பதிவேட்டைக் காட்டி அவரை மறுத்தவள் அவள்தான்.

“நீ அனுப்பியிருப்ப அண்ணா” என்றாள். “நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அவர் அரைக்கும் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டி நிறுத்தினார். பிறகு அவர், “சரி, இன்னிக்கு மொதல் ரெண்டு மெயிலும் வரல. எழுதிக்கிட்டியா?” என்றார்.

“எழுதிக்கிட்டேன்.”

அவள் எழுதவில்லை. வரைபட அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பெட்டியின் இரைச்சலில் ஒரு மனுஷி அழுவது வெளியே கேட்காது. முகம் கழுவிக்கொண்டு வந்து, அதன் பிறகுதான் அந்தக் கட்டத்தை நிரப்பினாள்.

மூன்று வாரம் முடிந்ததும் நோட்டைத் தலைமை நூலகரிடம் வைத்தாள். அவருக்குப் பறவைமேல்தான் ஆசை. விலையும் குறைவு, ஒரு மணி நேரத்தில் தொண்ணூறாயிரம் என்பதும் கேட்க நன்றாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இதுல யாரு இந்த ‘அண்ணன்’?”

“பதினோராயிரம் பேருக்கு அவர்தான் சார் பிரதிநிதி.”

அவர் அந்த வரிசையில் விரலை வைத்து ஓட்டினார். பறவை வரிசையில் முதல் இரண்டு கட்டம் தவிர எல்லாம் பெருக்கல் குறி. “சரி, அந்தக் கேள்வி கேக்கறவங்களையே பிடிங்க” என்றார்.

அந்தப் பெண் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மடல் வேண்டுமா என்று எல்லோரையும் ஒருமுறை கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் முப்பத்தோராயிரம் பேர்தான். தலைமை நூலகரின் முகம் சுண்டிவிட்டது. அவர் இரண்டு வாரம் அவளோடு அளந்து அளந்துதான் பேசினார். முன்பதிவுத் தகவல் தனி வழியில், முதல் நாள் ஐந்நூறு, பிறகு ஆயிரம் என்று கூடியது. ஒன்றரை மாதத்தில் முன்பதிவு மேசைக்குப் புகார் வருவது நின்றது. நில அளவையாளர் ஒரு காலை வந்து, கையெழுத்துப் போட்டு, கலங்கரை விளக்கப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வந்துச்சு” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கறுப்புப் பெட்டியை அணைத்த அன்று வரைபட அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில், உள்ளே வந்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்த வருடமே நாலு நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கல்யாணத்தில் பார்க்காத அண்ணன் மகள், ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். “அத்தை, இவன்தான்” என்றாள், ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடருகிற மாதிரி. கல்யாண ஆல்பத்தை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கேட்டு வாங்கிப் பார்த்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று சொன்னார். அவளுக்குத் தெரிந்தவர்களைக்கூட விடாமல் சொன்னார்.

அவள் ஓய்வுபெற்று இப்போது ஆறு வருடம் ஆகிறது. மாமா போய்விட்டார். குடும்பத்துக்கு ஃபோனில் ஒரு குழு இருக்கிறது, முப்பத்திரண்டு பேர். ஒருவர் வீட்டு விசேஷம் இன்னொருவருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. விடிந்ததும் பூப்படமும் வணக்கமும் வரிசையாக வந்து விழும். அவளும் ஒரு பூப்படம் போடுவாள். ஆனால் பெரியக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அதில் தெரிவதில்லை. நாத்தனாரின் அந்த வெடுக்கென்ற குரல் கேட்பதில்லை. “அந்த மூணு வாரத்துல எல்லாரும் தினமும் என்கூடப் பேசினாங்க இல்ல” என்று கணவரிடம் எப்போதாவது சொல்லுவாள். “நீ எங்க விட்ட? டீயைக்கூட நிம்மதியா குடிக்க விடலையே” என்பார் அவர்.

அண்ணன் பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை சந்திப்பார்கள். சந்தித்தால் எப்படியும் பேச்சு அந்த மூன்று வாரத்துக்குப் போய்விடும். எந்தத் தலைப்புக்கு முதலில் சிரித்தோம், எந்த நாள் எது குப்பையில் விழுந்தது என்று இருவருக்கும் ஒத்துப்போகாது. ஏழு வருடம் கழித்து முதலில் ஃபோன் செய்தது தான்தான் என்று அவர் சாதிப்பார். மகள், பேரன் எல்லோரிடமும் அப்படியே சொல்லிவைத்திருக்கிறார். தபால் அக்கா முன்பெல்லாம் மறுப்பாள். இப்போது மறுப்பதில்லை.